கல்லும் கதவும் ஒரே சூடு

வியாழன்

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் மருந்துக்கடைக்கு அதிகம் பேர் வருவதில்லை. முதலாளி பொன்னழகு அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவார். கல்லாவுக்குப் பின்னால் இருக்கும் ஸ்டூலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எழுதி வைத்தால் குழப்பம் குறையும் என்று டுட்டோரியலில் ஒரு தடவை சேதுபதி சார் சொன்னார். குறைகிறதா என்று எனக்கு இன்னும் நிச்சயமாகத் தெரியவில்லை.

மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் எல்லாப் பாடத்திலும் தேறி, இயற்பியலில் மட்டும் விழுந்தேன். அக்டோபரில் மறுபடி எழுதலாம். அதற்காகத்தான் பகலில் கடை, சாயங்காலம் டுட்டோரியல். இதற்கு நடுவே அத்தை சந்தனமேரி மதுரையிலிருந்து தகவல் அனுப்பியிருக்கிறார். அவர் அப்பாவின் அக்கா, ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அங்கே நர்ஸ் உதவியாளர் படிப்பில் எனக்கு ஓர் இடம் சொல்லி வைத்திருக்கிறாராம். திங்கட்கிழமை வந்து கையோடு அழைத்துப் போவாராம். தேர்வுக் கட்டணம் கட்டவும் அதே திங்கட்கிழமைதான் கடைசி நாள்.

நேற்று அப்பா டிப்போவிலிருந்து வந்து சட்டையைக் கழற்றாமலே கேட்டார்.

"அனிதா, இங்குட்டு வா. அத்தை நல்லதுக்குத்தான் சொல்லுது. உனக்குப் பிடிக்கலேன்னா நான் தள்ளிவிட மாட்டேன். ஆனா ஒண்ணு மட்டும் உண்மையைச் சொல்லு. உனக்கு அந்தப் பிசிக்ஸு வருமா, வராதா?"

நான் அவருடைய சட்டைக்காகக் கையை நீட்டினேன்.

"வரும்னா எழுது. வராதுன்னா மதுரைக்குப் போ. ரெண்டுல ஒண்ணு. திங்கக்கிழமைக்குள்ள சொல்லிரு."

அப்பா பஸ் டிப்போவில் டைம் கீப்பர். வண்டி வந்தது அல்லது வரவில்லை என்று எழுதியே பழகியவர். வருமா வராதா என்று அவர் கேட்டதில் தப்பில்லை. என்னால்தான் சொல்ல முடியவில்லை. மார்ச்சில் தேர்வு எழுதி வெளியே வந்தபோது நன்றாக எழுதியிருக்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அதை முழுதாக நம்பியும் இருந்தேன். அப்படி நம்பியவளுடைய வார்த்தையை இப்போது எப்படி எடுத்துக்கொள்வது? சேதுபதி சாரிடம் கேட்டால் "வரும், வரும், எல்லாருக்கும் வரும்" என்பார். கட்டணம் கட்டுகிறவர்களிடம் வேறு என்ன சொல்வார்?

எனக்கு இயற்பியல்தான் படிக்க வேண்டும். கல்லூரியில் அதையே எடுக்க வேண்டும். ஏன் என்று கேட்டால் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சின்ன வயதில், பஸ் திரும்பும்போது உடம்பு ஏன் வெளிப்பக்கம் சாய்கிறது என்று அப்பாவிடம் கேட்டேன். "டிரைவர் சரியில்லைத்தா" என்றார். அது பதில் இல்லை என்று அப்போதே தோன்றியது. ஒன்பதாம் வகுப்பில் பதில் கிடைத்த நாளன்று சாயங்காலம் வேண்டுமென்றே சாக்கோட்டை வரைக்கும் பஸ்ஸில் போய்த் திரும்பினேன்.

ஆகவே என்னைத் தெரியாத ஒருவர் என்னைச் சோதிக்க வேண்டும். அதற்கு ஒரு வழி தோன்றியிருக்கிறது.

சனி

பழைய பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அன்வர் சாதிக் அண்ணன் எஸ்.டி.டி. பூத் வைத்திருக்கிறார். முன்னால் போன் பேசும் கண்ணாடிக் கூண்டு. பின்னால் திரை போட்ட அறையில், இந்த வருஷம் ஜெத்தாவிலிருந்து அவருடைய அண்ணன் அனுப்பிய பணத்தில் வாங்கிய கம்ப்யூட்டர். வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு இ-மெயில் அனுப்ப அத்தாக்களும் அம்மாக்களும் அங்கே வருவார்கள். அன்வர் அண்ணனின் தங்கை சுஹானா என்னோடு பள்ளியில் படித்தவள். அந்த உரிமையில் நேற்றுச் சாயங்காலம் போனேன்.

"அண்ணே, இந்த இன்டர்நெட்டுல பாடத்துலேர்ந்து கேள்வி கேட்குமா?"

"எல்லாமே கேக்கும். போன வாரம் ஒருத்தர் ஜாதகம் பாக்கச் சொன்னாரு. பாத்துச் சொல்லுச்சு. தப்பாத்தான் சொல்லுச்சு, ஆனா சொல்லுச்சு."

நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் தேடினார். ஒவ்வொரு பக்கமும் மேலிருந்து கீழாகக் கோலம் போடுவது மாதிரி மெதுவாக வந்தது. கடைசியில், ஏதோ ஒரு வெளிநாட்டுக் கல்லூரிக்காரர்கள் வைத்திருந்த சோதனை ஒன்று கிடைத்தது. முதல் தொகுதி, இரண்டாம் தொகுதி என்று இரண்டு. ஒவ்வொன்றிலும் நாற்பது வாக்கியங்கள். கேள்வியே கிடையாது. வாக்கியத்தைப் படித்துவிட்டு அது சரியா தவறா என்று ஒரு வட்டத்தில் அமுக்க வேண்டும். அவ்வளவுதான். இங்கிலீஷ்தான், ஆனால் சின்னச் சின்ன வாக்கியங்கள். கையில் அகராதி வைத்திருந்தேன். அன்வர் அண்ணனும் எட்டி எட்டிப் பார்த்து உதவினார்.

தொடங்குவதற்கு முன்பே ஒரு விதி வைத்துக்கொண்டேன். முப்பது வாங்கினால் அப்பாவிடம் வரும் என்று சொல்வது. அதற்குக் கீழே என்றால் மதுரை. முதலில் விதி, அப்புறம் சோதனை. மதிப்பெண்ணைப் பார்த்த பிறகு விதியை வைத்தால் நமக்கு வசதியாக வைத்துக்கொள்வோம்.

ஒரே வேகத்தில் வளைவில் திரும்பும் பஸ்ஸுக்கு முடுக்கம் கிடையாது. தவறு. காற்றில்லாத இடத்தில் இறகும் இரும்பும் சேர்ந்தே விழும். சரி. இப்படிப் பலவற்றை வேகமாகத் தாண்டினேன். மின்சாரம் பற்றியவை வந்தபோது கை நின்றது. சரிக்கும் தவறுக்கும் நடுவில் அம்புக்குறி போய்ப் போய் வந்தது. ஏதோ ஒன்றை அமுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

முப்பத்தொன்று வந்தது.

"அப்ப மதுரை டிக்கெட் கேன்சல்" என்றார் அன்வர் அண்ணன். எனக்குக் காது சூடானது. விதி வைத்தேன், விதியைத் தாண்டிவிட்டேன். வீட்டுக்கு ஓட வேண்டும் போல இருந்தது.

"கொஞ்சம் நகரு தங்கச்சி, நானும் எழுதிப் பாக்குறேன்" என்று அவர் உட்கார்ந்தார். அவர் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர். வாசலில் வந்து நின்ற ஒருவரிடம் துபாய்க்கு நிமிஷத்துக்கு எவ்வளவு என்று சொல்லிக்கொண்டே, ஒன்றையும் படிக்காமல், நாற்பதுக்கும் 'சரி' என்று வரிசையாக அமுக்கிக்கொண்டு போனார். மதிப்பெண் வந்தது. இருபத்திரண்டு.

"பாத்தியா. நான் பாதிப் பிசிக்ஸ் வாத்தியார்" என்று சிரித்தார். "நாளையிலேர்ந்து உங்க சேதுபதி சாருக்கு லீவு போடச் சொல்லு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்றும் தெரியாத ஒருவருக்கு இருபத்திரண்டு. எனக்கு அதைவிட ஒன்பதுதான் அதிகம். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன். கணக்கு தானாக ஓடியது. இருபது வாக்கியம் தெரிந்து, மீதி இருபதைக் கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினாலும் பத்து சரியாக வந்துவிடும். மொத்தம் முப்பது. அப்படியென்றால் என்னுடைய முப்பத்தொன்றுக்குப் பாதி தெரிந்திருந்தால் போதும். பாதி தெரிந்தவள்தான் மார்ச்சிலும் எழுதினாள்.

வீட்டில் நடந்ததை அப்படியே சொன்னேன். அப்பாவுக்கு அன்வர் அண்ணனின் இருபத்திரண்டு ரொம்பப் பிடித்துப்போனது.

"அவன் கெட்டிக்காரன். ஆனா உன் முப்பத்தொண்ணுக்கு என்ன கொறைச்சல்? தாண்டிட்டேல்ல?"

"தாண்டுனதுல எது தெரிஞ்சு தாண்டுனது, எது தெரியாம தாண்டுனதுன்னு எனக்கே தெரியலப்பா."

"இவளுக்கு இனிப்பைக் குடுத்தாலும் உப்புப் போட்டியான்னு கேப்பா" என்றார் அம்மா.

தவறிய ஒன்பது வாக்கியங்களையும் குறித்துக்கொண்டு வந்திருந்தேன். அப்பா கேட்டார் என்று படித்துக் காட்டினேன். ஒன்றில் வீடே திரும்பிப் பார்த்தது. ஓர் அறைக்குள் ஒரு நாள் முழுவதும் கிடந்த கல்பலகையும் மரப்பலகையும் ஒரே வெப்பநிலையில் இருக்கும். இதைத் தவறு என்று அமுக்கியிருந்தேன். யோசிக்கவே இல்லை. சரி என்கிறது கம்ப்யூட்டர்.

நாங்கள் குடியிருப்பது ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில். வீட்டுக்காரர்கள் சென்னையில் இருக்கிறார்கள். தரை முழுக்க ஆத்தங்குடிக் கல். சித்திரை மாதத்தில் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு வெறும் கல்லில்தான் படுப்போம். பகலெல்லாம் வெந்த உடம்பு அதில் பட்டதும் தண்ணீரில் இறங்கியது போல இருக்கும். கல் குளிர்ச்சி என்பது எங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டிய விஷயம் இல்லை.

அப்பா வெறுங்காலைத் தரையில் ஒருமுறை தேய்த்தார். எழுந்து போய், நடுக்கட்டுக்குப் போகும் பூட்டிய தேக்குக் கதவில் உள்ளங்கையை வைத்தார். மறுபடி தரை.

"கதவும் தரையும் ஒண்ணாம்ல. வெள்ளைக்காரனுக்குத் தரையைப் பத்தி என்ன தெரியும்? அவன் வீட்டுல கம்பளம். தூங்கும்போதும் சூவைக் கழட்டுறானோ என்னமோ."

"அப்ப அது தப்பாங்கிறீக?"

"தப்புத்தான். உன் மார்க்கை முப்பத்திரண்டுன்னு வச்சுக்க."

எனக்கும் அதே எண்ணம்தான். ஆனால் எனக்கு வசதியாக இருக்கும் எதையும் ஒரு தடவை திருப்பிப் பார்க்காமல் விட முடியாது. நான் முடிவு செய்திருப்பது இரண்டு விஷயம். ஒன்று, கல்லையும் கதவையும் அளந்துவிடுவது. இரண்டு, நாளைக்கு இரண்டாம் தொகுதியை வேறு விதியில் எழுதுவது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முதலில் காரணத்தைத் தாளில் எழுத வேண்டும். அப்புறம்தான் அமுக்க வேண்டும். காரணம் எழுதிச் சரியானது மட்டும்தான் கணக்கு. முப்பது அப்படியே இருக்கட்டும்.

ஞாயிறு

நேற்றுக் கடையில் முதலில் செய்தது முட்டாள்தனம். ஜுரம் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்றை எடுத்துக் கடைத்தரையில் வைத்துப் பார்த்தேன். பாதரசம் அடியை விட்டு அசையவில்லை. மனிதனுக்கு ஜுரம் பார்ப்பதற்குச் செய்தது, உடம்புச் சூட்டுக்குக் கீழே அளவே கிடையாது என்று அந்தக் கண்ணாடியிலேயே எழுதியிருக்கிறது. தினமும் அதை நாலு பேருக்கு விற்கிறவள் நான்.

பிறகுதான் ஃப்ரிட்ஜுக்குள் ஊசி மருந்துகளோடு ஒரு தெர்மாமீட்டர் தொங்குவது நினைவுக்கு வந்தது. சிவப்புத் திரவம், பூஜ்யத்துக்குக் கீழேயிருந்து ஐம்பது வரைக்கும். பொன்னழகு அண்ணனிடம் கேட்டேன்.

"எதுக்கு?"

"எங்க வீட்டுத் தரையை அளக்கணும்ணே."

அவர் என்னையே பார்த்தார். "தரைக்கு என்ன செய்யுது?"

"ஒண்ணும் செய்யலண்ணே. கதவோட ஒத்துப் பாக்கணும்."

"கதவுக்கும் சேத்தா. சரி, நாளைக்குக் கடை லீவுதான். ஃப்ரிட்ஜுக்கு ஒரு நாள் ஜுரம் பாக்காட்டி ஒண்ணும் ஆகாது. திங்கக்கிழமை காலையில வந்து தொங்கணும். உடைச்சா உன்னையத்தான் உள்ள தொங்கவிடுவேன்."

சாயங்காலம் தெர்மாமீட்டரின் குமிழைத் தரையோடு ஒட்டி வைத்து, மேலே மடித்த துணி போட்டு மூடிக் காத்திருந்தேன். பிறகு அதே மாதிரி கதவோடு சேர்த்துத் துணியால் கட்டினேன். அப்பா நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிட்டார். டிப்போவில் வண்டிக்குக் காத்திருக்கிற மாதிரியே கையைக் கட்டிக்கொண்டு.

தரை, கதவைவிட இரண்டு டிகிரி குறைவு.

"நான் சொல்லல?" என்றார் அப்பா. "நாளைக்குப் போய் அந்த வெள்ளைக்காரனுக்கு ஒரு இ-மெயில் போடு. என் பேரைப் போடு, காரைக்குடி மரியசூசை சொன்னாருன்னு."

அம்மாவும் சிரித்தார். நானும் சிரித்தேன். மறுபடி அளந்தேன். மறுபடியும் இரண்டு டிகிரி. கம்ப்யூட்டர் தோற்றது, நான் ஜெயித்தேன். ஆனால் ஜெயித்த மாதிரியே இல்லை. கல்லூரியில் கேள்வி எழுதுகிறவர்கள் இவ்வளவு சின்ன விஷயத்திலா தவறுவார்கள்? தவறலாம். ஆனால் நான் தவறுவதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

வாக்கியத்தை மறுபடி படித்தேன். அறைக்குள் கிடந்த கல்பலகை. அதில் தரை என்ற வார்த்தையே இல்லை. கல் என்று படித்ததும் நாங்கள் எல்லோரும் தரை என்று எடுத்துக்கொண்டோம். அப்பா, அம்மா, நான், ஒருவர் விடாமல். எங்களுக்குக் கல் என்றால் காலுக்குக் கீழே இருப்பதுதான். ஆனால் தரை அறைக்குள் கிடக்கும் பொருள் இல்லை. அதன் மேல்பக்கம்தான் அறைக்குள் இருக்கிறது. அடிப்பக்கம் மண்ணில் இருக்கிறது. பகல் முழுக்க வாங்கிய சூட்டை அது கீழே மண்ணுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். தரையை அளந்தபோது பாதி பூமியை அளந்திருக்கிறேன்.

தரையில் கல் பெயர்ந்தால் மாற்றுவதற்கென்று வீட்டுக்காரர்கள் விட்டுப்போன உதிரிக் கல் நாலைந்து, அந்தத் தேக்குக் கதவோரம் சாக்குக்குள் இருக்கிறது. ஒன்றை எடுத்துத் துடைத்து, கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலின் மேல் நிறுத்தி வைத்தேன். மண்ணும் படாது, வெயிலும் படாது. விடியும் வரை அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இன்று காலை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் முதலில் கன்னத்தைக் கல்லில் வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. கதவில் வைத்தேன். அப்படி இல்லை. பிறகு தெர்மாமீட்டர். கல்லை அளந்தேன். கதவை அளந்தேன். மத்தியானம் மறுபடி அளந்தேன். இரண்டு தடவையும் கல்லும் கதவும் ஒரே கோட்டில்தான் நின்றன.

அப்பாவைக் கூப்பிட்டேன். கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து தானே பார்த்தார். கல்லில் கை வைத்தார், கதவில் கை வைத்தார், மறுபடி கண்ணாடிக் குழாயைப் பார்த்தார்.

"அளவு ஒண்ணாத்தான் இருக்கு. பெறகு எதுக்குடி இது மட்டும் சில்லுங்குது?"

"உங்க கை சூடுப்பா. கல்லு அந்தச் சூட்டை வாங்கி வாங்கி உள்ளுக்குள்ள அனுப்பிரும். கையில சூடு கொறையுது, அதைத்தான் கல்லு சில்லுன்னு இருக்குங்கிறோம். கதவு வாங்குன சூட்டைத் தொட்ட இடத்துலயே வச்சுக்கிரும். அதுக்கு மேல வாங்காது."

"அப்ப நான் தொட்டுப் பாத்தது கல்லை இல்லையா?"

"உங்க கையைத்தான் பாத்தீக."

அப்பா கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். "அந்த இ-மெயிலைப் போட்டுட்டியா?"

"இல்லப்பா."

"நல்ல வேளை."

இதைச் சொல்லும்போது புத்தகத்தின் வரி எதுவும் எனக்கு நினைவில் இல்லை. வெப்பக் கடத்தல் என்ற வார்த்தையைக்கூட நான் சொல்லவில்லை என்று இப்போது எழுதும்போதுதான் கவனிக்கிறேன். ஆனால் ஒரு கல்லை வைத்து முடிவுக்கு வரக்கூடாது. மூன்று மணிக்கு அன்வர் அண்ணன் பூத்துக்குப் போனேன். மருந்துக் கம்பெனிக்காரர்கள் கடைக்குக் கொடுக்கும் சின்னத் தாள்கட்டு ஒன்று கையில் இருந்தது. ஒரு வாக்கியத்துக்கு ஒரு தாள்.

"சரி எது தப்பு எதுன்னு அமுக்குறதுக்கு இம்புட்டுத் தாளா?" என்றார் அவர். "எங்க அத்தா கல்யாணப் பத்திரிகைக்கே இவ்வளவு எழுதல."

மெதுவாகப் போனேன். காரணம் தெரிந்தால் ஒரு வரி. தெரியாவிட்டால் தாளில் ஒரு கோடு. கோடு போட வேண்டி வந்தபோதெல்லாம் கை கூசியது. இரண்டு தடவை, ஏதாவது எழுதிவிடலாமே, காரணம் மாதிரி இருந்தால் போதாதா என்று தோன்றியது. மார்ச்சில் அப்படித்தான் எழுதினேன், காரணம் மாதிரி. கோட்டையே போட்டேன்.

முப்பத்தாறாவது வாக்கியத்தில் இருந்தபோது திரைக்கு வெளியே ஒரு குரல்.

"அன்வரு, குவைத்துக்கு லைனைப் போடு. மருமகன் காத்துக்கிட்டு இருப்பாரு."

ஜவுளிக்கடை அபூபக்கர் மாமா. அங்கே இருப்பது ஒரே லைன். இன்டர்நெட் ஓடினால் போன் பேச முடியாது, போன் பேசினால் இன்டர்நெட் போய்விடும்.

"மாமு, அஞ்சு நிமிஷம். உள்ள ஒரு புள்ள பரீட்சை எழுதுது."

"பூத்துலயா பரீட்சை? பள்ளிக்கூடமெல்லாம் என்ன ஆச்சு?"

"ஞாயித்துக்கிழமை லீவு மாமு."

"மருமகனுக்கு இன்னைக்கு லீவு கெடையாது. ரெஸ்ட்டு நேரம் முடிஞ்சா பேச மாட்டாரு. எம்மகளுக்குப் பிள்ளை பொறந்திருக்கு, அதைச் சொல்லணுமா வேணாமா?"

அதற்கு மேல் நான் எப்படி உட்கார்ந்திருப்பது? "போடுங்கண்ணே, நான் மறுபடி எழுதுறேன்" என்றேன். லைன் போனது. திரையில் நான் அமுக்கிய வட்டங்கள் எல்லாம் காலியாகிவிட்டன. ஆனால் தாள்கள் என் கையில் இருந்தன. வெளியே மாமா மருமகனிடம் பேரன் யார் ஜாடை என்று சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், ஒவ்வொரு தாளாகத் திரும்பப் படித்தேன். எந்தக் காரணத்தையும் மாற்றத் தோன்றவில்லை. அது எனக்குப் புதிது. வழக்கமாக நான் எதையும் இரண்டாவது தடவை பார்த்தால் மாற்றிவிடுவேன்.

மாமா முடித்துக்கொண்டு, திரையை விலக்கிக் கையில் இரண்டு மிட்டாய் வைத்துவிட்டுப் போனார். மறுபடி பக்கத்தைக் கொண்டுவந்து, மீதி வாக்கியங்களுக்கும் தாள் எழுதிவிட்டு, நாற்பதையும் அமுக்கினேன்.

முப்பத்தைந்து என்றது கம்ப்யூட்டர்.

தாள்களைப் பிரித்தேன். காரணம் எழுதியவை முப்பது. அதில் இரண்டைக் கம்ப்யூட்டர் தவறு என்றது. மீதி இருபத்தெட்டு. கோடு போட்டவை பத்து. அதில் ஏழு எப்படியோ சரியாகியிருந்தது.

"இருபத்தெட்டுண்ணே" என்றேன்.

"என்னம்மா, மெஷின் முப்பத்தஞ்சுங்குது. மார்க்கைக் கூட்டச் சொல்லிச் சண்டை போடுறவங்களைப் பாத்திருக்கேன். கொறைக்கச் சொல்லிச் சண்டை போடுற ஆளு நீதான்."

"ஏழு சும்மா வந்தது."

"சும்மா வந்தா வச்சுக்கறது. இந்தா, இந்த மிட்டாய் சும்மாதான் வந்துச்சு, நீ திங்கல?"

கோடு போட்ட தாள்களில் இரண்டை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இப்போது யோசித்தால் அவற்றுக்குக் காரணம் சொல்ல முடியும் போல இருந்தது. அந்த இரண்டையும் சேர்த்தால் சரியாக முப்பது. வேண்டிய எண். சேர்க்கலாமா என்று மிட்டாய் கரையும் வரை யோசித்தேன். பிறகு இரண்டையும் கோட்டுத் தாள்களோடு வைத்துக் கிளிப் போட்டேன்.

முப்பதுக்கு இரண்டு குறைவு. நாளைக்கு அத்தை வருகிறார்.

செவ்வாய்

நேற்று எழுத நேரம் கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் முதலில் தெர்மாமீட்டரைக் கொண்டுபோய் ஃப்ரிட்ஜில் தொங்கவிட்டேன். பொன்னழகு அண்ணன், "தரை எப்படி இருக்கு, பொழைச்சிருமா?" என்று கேட்டார். அத்தை வருகிறார் என்று சொல்லி ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அத்தை ஏற்கெனவே வந்திருந்தார். மதுரையிலிருந்து நின்றுகொண்டே வந்தாராம். கால்கூடக் கழுவாமல் முந்தானையை விரித்துத் தரையில் படுத்திருந்தார்.

"அப்பாடி, இந்தக் கல்லுக்காகவே காரைக்குடி வரலாம். என்ன குளிர்ச்சி."

"உன் மருமகளைக் கேளு. கல்லு குளிர்ச்சியே இல்லம்பா" என்றார் அப்பா.

"தரை குளிர்ச்சிதான் அத்தை. அந்தா அந்த உதிரிக் கல்லுதான் குளிர்ச்சி இல்ல" என்றேன்.

அத்தை படுத்தபடியே தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். "கதவுக்கு ஜுரம் பாத்தியாமே, உங்கம்மா சொன்னா. ஏத்தா, அதையே மதுரையில வந்து மனுசனுக்குப் பாத்தா சம்பளம் தருவாகள்ல?"

எல்லோரும் சிரித்து முடித்தபோது அப்பா மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, சொல்லு. திங்கக்கிழமை ஆச்சு. வருமா, வராதா?"

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்திலிருந்து இதற்கு ஒரு பதிலைத் தயார் செய்து வைத்திருந்தேன். விதிப்படி வராது என்றுதான் சொல்ல வேண்டும். முப்பது என்று வைத்தது நான். இரண்டு குறைந்தது உண்மை. ஆனால் அந்தத் தாள்களை இரண்டு கட்டாகப் பிரித்து அலமாரியில் வைத்தபோது வேறு ஒன்று கண்ணில் பட்டது. தெரியாதவற்றின் கட்டுக்குள், தவறிய இரண்டையும் சேர்த்துப் பன்னிரண்டு தாள். அதில் ஒன்பது மின்சாரம். மீதி மூன்று ஒளி. நிலைமம், முடுக்கம், வெப்பம், அடர்த்தி என்று மற்றப் பகுதிகளிலிருந்து ஒன்றுகூட அந்தக் கட்டில் இல்லை. மின்சாரப் பாடம் நடந்த மாதத்தில்தான் எனக்கு அம்மை போட்டிருந்தது. பிறகு அந்தப் பாடத்தைக் கைடில் இருந்து மனப்பாடம் செய்தேன். மார்ச்சில் அதுவும் தெரியும் என்று நினைத்துக்கொண்டே போய் எழுதினேன்.

"வரும்னும் சொல்ல முடியலப்பா, வராதுன்னும் சொல்ல முடியல" என்றேன்.

"ரெண்டுல ஒண்ணு சொல்லுன்னு சொன்னேன்ல."

"ரெண்டுமே பொய்யாப் போயிரும். நாப்பதுல இருபத்தெட்டு தெரியும். யாரு கேட்டாலும் காரணம் சொல்லுவேன். பன்னெண்டு தெரியாது. அந்தப் பன்னெண்டு எதுன்னு தெரியும். ஒன்பது கரண்டு, மூணு வெளிச்சம். நான் வச்ச அளவு முப்பது. அதுக்கு ரெண்டு கொறையுது, அதையும் சொல்லிர்றேன். ஆனா நான் எழுதுறேன்ப்பா. பணம் கட்டுங்க."

தாள்களை எடுத்து வந்து அவர் முன்னால் இரண்டு கட்டாக வைத்தேன். அப்பா பெரிய கட்டைத் தொடவில்லை. சின்னக் கட்டை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். வெறும் கோடுதான் இருந்தது, ஆனாலும் பார்த்தார்.

"மார்ச்சுலயும் இம்புட்டுத்தான் தெரியாம இருந்துச்சா?"

"இதுக்கு மேலயே இருந்திருக்கும். அப்ப எதுன்னு தெரியாது."

அப்பா சின்னக் கட்டைத் தட்டி அடுக்கிக் கீழே வைத்தார். அத்தையிடம் திரும்பினார்.

"அக்கா, வண்டி லேட்டுன்னா நாங்க பயப்பட மாட்டோம். தேவகோட்டையில நிக்குது, டயரு பஞ்சர்னு தெரிஞ்சா ஆளை அனுப்பிருவோம். எங்க நிக்குதுன்னே தெரியாத வண்டிதான் வம்பு."

"அதுக்கு நான் என்ன செய்யணுங்கிற?" என்று அத்தை எழுந்து உட்கார்ந்தார்.

"அந்த இடத்தை வேற யாருக்காச்சும் குடுத்துரு."

"இடத்துக்காக எத்தனை பேரு கையைப் பிடிச்சுக் கேட்டேன் தெரியுமா. இப்ப நீ வண்டி கதை சொல்ற." அத்தைக்குக் கோபம்தான். முந்தானையை உதறினார். பிறகு என் பக்கம் விரலை நீட்டினார். "சனவரியில இன்னொரு பேட்ச் எடுப்பாக. அக்டோபர்ல விழுந்தேன்னா கூப்பிட வர மாட்டேன். நீயே பொட்டியத் தூக்கிக்கிட்டு வரணும். சரியா, தப்பா?"

"சரி" என்றேன்.

"இதுக்கு மட்டும் டக்குனு சொல்றா பாரு" என்றார் அம்மா.

தேர்வுக்கு டுட்டோரியல் வழியாகத்தான் பணம் கட்ட வேண்டும் என்பதால், சாயங்காலம் சேதுபதி சாரிடம் போய்க் கட்டணம் கட்டி ரசீது வாங்கினேன். வகுப்பு முடிந்ததும், பன்னிரண்டு தாளையும் அவரிடம் காட்டி, இவற்றை மட்டும் எனக்கு முதலிலிருந்து சொல்லித்தர வேண்டும் என்று கேட்டேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார். "வரும், வரும்" என்று தொடங்கியவர், பாதியில் நிறுத்திவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "எந்த இடத்துல விட்டுப்போச்சு, அதைச் சொல்லு" என்றார்.

முதல் தாளில் இருப்பது பக்க இணைப்பு, இங்கிலீஷில் பேரலல். இரண்டு பல்புகளைப் பக்க இணைப்பில் மாட்டி ஒன்றைக் கழற்றினால், மற்றது அணைந்துவிடும். சரியா, தவறா? சார் படம் போட்டுக் காட்டினார். தவறு என்று புரிந்த மாதிரி இருக்கிறது. மாதிரிதான்.

அன்வர் அண்ணனிடம் இரண்டு டார்ச் பல்பும் கொஞ்சம் ஒயரும் கேட்டிருக்கிறேன். பேட்டரி எங்கள் மருந்துக்கடை டார்ச்சிலேயே இருக்கிறது.